ரவுஸ் மறந்துபோன காலை

பியூகிள் ஊதுகிறவனுக்கு மூளை தேவையில்லை என்றுதான் நான் முதலில் நம்பினேன். குக்கருக்கு இருக்கிறதா மூளை? நேரம் வந்தால் விசில் அடிக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் எழுந்து ஓடுகிறார்கள். பட்டாளத்தில் பியூகிள் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது முன்பற்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மட்டும்தான் பார்த்தார்கள். அதற்கு மேலே, மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. நமக்கென்றே படைத்த வேலை என்று சேர்ந்துவிட்டேன்.

இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு மேடவாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மேற்பார்வையாளனாக இருக்கிறேன். தண்ணீர் லாரி வராவிட்டால் திட்டு வாங்குவது என் பொறுப்பு. புதிதாகப் பியூகிள் பிடித்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதுங்கள் அண்ணா என்று கேட்டீர்கள். உதட்டை எப்படி வைப்பது, மூச்சை எங்கே பிடிப்பது என்பதையெல்லாம் உங்கள் உஸ்தாத் சொல்லித் தருவார், கூடவே நாலு அடியும் தருவார். உதடு, மூச்சு, பித்தளை மூன்றும் சரியாக இருந்தும் ஆள் கவிழ்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கவிழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தகுதி உண்டு.

நம் வாத்தியத்துக்குப் பொத்தான் கிடையாது, துளை கிடையாது. ஐந்தே ஐந்து சுரம். அந்த ஐந்தை வைத்துக்கொண்டுதான் ஒரு முகாமையே எழுப்புகிறோம், வரிசையில் நிறுத்துகிறோம், சாப்பிடக் கூப்பிடுகிறோம், கொடி இறக்குகிறோம், தூங்க அனுப்புகிறோம். இறந்தவரை வழியனுப்புவதும் அதே ஐந்தில்தான். ஒன்று இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வோர் அழைப்புக்கும் நாங்களாக வார்த்தை போட்டு வைத்துக்கொள்வோம். உங்கள் பிரிவிலும் இருக்கும், மேலதிகாரி காதில் விழாமல் பாடுவீர்கள். லங்கர் அழைப்பு, அதாவது சமையற்கூடத்துக்கு வரச் சொல்லும் அழைப்பு, எங்கள் தமிழ்ப் பையன்களுக்கு இப்படி இருந்தது: ‘தட்டை எடு, தட்டை எடு, பருப்பு தீரப் போவுது.’ காலையில் எழுப்பும் ரவுஸ் அழைப்புக்கு: ‘எழுந்திருடா, எழுந்திருடா, விடிஞ்சு போச்சுடா.’ ரவுஸ் என்ற பெயரைக் கேட்டதும் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தார்கள். நம் ஊரில் ரவுசு என்றால் என்ன அர்த்தம் என்று அந்த உஸ்தாதுக்கு எப்படித் தெரியும்?

ரவுஸ் எழுப்புவதற்கு மட்டுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அஞ்சலியில் முதலில் லாஸ்ட் போஸ்ட், அதாவது இறந்தவருக்கு விடைகொடுக்கும் அழைப்பு. அது முடிந்ததும் அமைதி. அந்த அமைதியை முடித்துவைப்பது ரவுஸ். போனவன் எங்கேயோ எழுந்திருக்கிறான் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். அர்த்தம் எதுவானாலும், அதை ஊதும்வரை சல்யூட் அடித்த கை ஒன்றுகூடக் கீழே இறங்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் எனக்கு நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பின்னால் என்னைக் காப்பாற்றியது. ட்யூட்டிக்குப் போன புதிதில், மத்தியானம் லங்கர் அழைப்பை ஊத ஆரம்பித்தவன், நடுவில் இது சரிதானா என்று சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன். பாதி அழைப்பு. கம்பெனியில் சிலர் தட்டோடு வந்தார்கள், சிலர் துப்பாக்கியோடு வந்தார்கள். ஒருவர் வாளியில் மண்ணோடு ஓடிவந்தார், தீப்பிடித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. மீதிப் பேர் வரவே இல்லை. எங்கள் பியூகிள் ஹவல்தார் என்னைக் காதைப் பிடித்து இழுத்துப் போய் அந்தக் கூட்டத்தைக் காட்டினார். “முழுசா தப்பா ஊதியிருந்தா எல்லாரும் சேர்ந்து தப்பு பண்ணியிருப்பாங்க, அதைப் பட்டாளம் சமாளிச்சுடும். பாதியில நிறுத்தினா ஒவ்வொருத்தனும் சொந்தமா யோசிக்க ஆரம்பிச்சுடுவான். அதை யாரு சமாளிக்கறது?”

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏகாம்பரம் அண்ணன் என்று ஒருவர் இருந்தார். வேறு பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் பக்கம் முன்னாள் வீரர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுவோம், அங்கே பழக்கம். பட்டாளத்தில் அவர் சமையல்காரர். லங்கர்காரர் என்றால் கரண்டி மட்டும் பிடித்தவர் என்று வெளியே நினைப்பார்கள். துப்பாக்கிப் பயிற்சி அவருக்கும் உண்டு. பனிமலையில் பட்டாளம் ஏறினால் அடுப்பும் ஏறும், அடுப்போடு அவரும் ஏறுவார். எங்கள் கூட்டத்தில் இதையெல்லாம் அவர் பேசமாட்டார். ரவா கிச்சடியில் தண்ணீர் எவ்வளவு என்பது பற்றி மட்டும் சண்டை போடுவார்.

அவருக்கு ஒரே மகள், செல்வி. சேலையூர் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை. மனைவி முன்பே போய்விட்டதால் மகள் வீட்டிலேயே இருந்தார். செல்வியின் மாமனார் ஏதோ அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் யாரை அறிமுகப்படுத்தினாலும் பதவியைச் சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொல்வார். சம்பந்தியை அறிமுகப்படுத்தும்போது மட்டும், “மிலிட்டரியில மாஸ்டரா இருந்தார்” என்பார். கேட்பவர்கள் ஏதோ பெரிய பதவி என்று நிமிர்வார்கள். உடனே, “சமையல் மாஸ்டர்” என்று சேர்த்துக்கொள்வார். தெருவே அண்ணனை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். செல்விக்கு மட்டும் அந்தச் சொல் காதில் விழுந்தாலே முகம் மாறும்.

ஒரு சனிக்கிழமை செல்வியிடமிருந்து போன். அப்பா காலமாகிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை முன்பகல் எடுக்கிறோம் என்றாள். நீங்கள் வந்து பியூகிள் ஊத வேண்டும் என்றாள். பின்னால் மாமனார் குரல் எனக்கே கேட்டது. அதெல்லாம் யூடியூபில் தெளிவாக இருக்கிறது, ப்ளூடூத் ஸ்பீக்கர் நம்மிடமே இருக்கிறது, எதற்கு ஒருவரைச் சிரமப்படுத்த வேண்டும், மாஸ்டருக்கு இவ்வளவு எதற்கு என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். செல்வி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“சார், எங்க அப்பா சோல்ஜர். ஒரு தடவையாவது இந்தத் தெரு அதைக் காதால கேக்கணும்.”

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பியூகிளைத் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்ற கேள்வி வந்தது. விடை மகிழ்ச்சி தரவில்லை.

உதடு பழக்கம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஊதலில் எருமை கத்தியது. வீட்டில் வைத்து ஊதினால் யார் போய்விட்டார்கள், சங்கு ஊதுகிறதே என்று கீழ்வீட்டிலிருந்து ஓடிவருவார்கள். ஆகவே நான் வேலை பார்க்கும் குடியிருப்பின் அடித்தளத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து லாஸ்ட் போஸ்ட் பழகினேன். காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். ஹாரன் மாட்டிக்கொண்டது சார், பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிடட்டுமா என்றார். என்னிடம் சம்பளக் கையெழுத்து வாங்குகிற மனிதர். பியூகிளைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, ஆமாம், பழைய கார், அப்படித்தான் என்றேன்.

சாயங்காலத்துக்குள் லாஸ்ட் போஸ்ட் பிடிபட்டுவிட்டது. அந்த மேல்சுரம் மட்டும் பத்துக்கு ஒன்பது முறை வந்தது, அதையே திரும்பத் திரும்ப உரசினேன். ரவுஸைத் தொடவே இல்லை. அது எதற்கு? எழுந்திருடா எழுந்திருடா. தூக்கத்தில் எழுப்பி ஊதச் சொன்னாலும் வரும். வருஷக்கணக்கில் தூக்கத்திலிருந்து எழுந்துதானே அதை ஊதியிருக்கிறோம்.

தம்பிகளே, நம் தொழிலில் எல்லோரும் செய்கிற தவறு இது. பயமுறுத்துகிற அழைப்பை மட்டும் பழகுவோம். பயமுறுத்தாதது ஓரமாக உட்கார்ந்து சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் வெறும் வயிற்றோடு கிளம்பினேன். ஊதும் நாளில் சாப்பிடாமல் போவது என் பழைய பழக்கம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். குளிர்பெட்டியில் ஏகாம்பரம் அண்ணன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள், வாசல்களில் தெருக்காரர்கள். எங்கள் கூட்டத்தில் நான்கு பேர் பதக்கம் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். மூத்தவர் ஒரு சுபேதார். ஓய்வு பெற்று எத்தனை காலமானாலும் அவர் குரலைக் கேட்டால் தெருநாய்கூட அட்டென்ஷனில் நிற்கும். வலது தோள்பட்டை இறுகிப்போய் அவர் பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

பந்தலுக்கு வெளியே டிரம் செட் ஆட்கள் தயாராக நின்றார்கள். அவர்களின் தலைவர் என்னிடம் வந்து, சக கலைஞன் என்ற மரியாதையோடு கேட்டார்.

“அண்ணாத்தே, எத்தினி தபா பிகிலு ஊதுவ?”

ரெண்டு தடவை என்றேன். ரெண்டாவது முடிந்ததும் ஆரம்பித்துக்கொள்ளுங்கள்.

“கரீட்டா ரெண்டு. நீ முட்ச்சதும் நம்ம கச்சேரி. இன்னா?”

சரி என்றேன். ஒப்பந்தம் போட்டாயிற்று.

மலர்வளையம் வைத்தார்கள். சுபேதார் குரல் கொடுத்தார். நான்கு கைகள் நெற்றிக்குப் போயின. நான் பியூகிளைத் தூக்கினேன். லாஸ்ட் போஸ்ட் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்தது. மேல்சுரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கீறல், அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மாடியிலிருந்து வீடியோ எடுத்தவர் போனை இறக்கிவிட்டுக் கைகட்டி நின்றார். செல்வி பெட்டியின் தலைமாட்டில் நிமிர்ந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கடைசிச் சுரம் அடங்கியது. அமைதி.

அந்த அமைதி யாருடையது தெரியுமா? நிற்கிறவர்கள் எல்லோரும் அது தங்களுடையது என்று நினைத்துக்கொண்டு தலைகுனிந்திருப்பார்கள். அது பியூகிள்காரனுடையது. அவனே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அவன்தான் விட வேண்டும். யாராவது கண்காட்டுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

எங்கோ ஆட்டோ ஒன்று பின்வாங்கும் பீப் சத்தம். பிறகு அதுவும் நின்றது. அப்போது தெருமுனைப் பிரியாணிக் கடையில் தம் உடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, முதல் தேக்சா. அந்த வாசனை பந்தலுக்குள் நுழைந்து, வரிசையில் நின்றவர்களைக் கடந்து, நேராக என் வெறும் வயிற்றைத் தேடி வந்தது.

போதும், ஊதலாம் என்று பியூகிளை உதட்டுக்குக் கொண்டுபோனேன். ரவுஸ் எப்படி ஆரம்பிக்கும்?

வரும் என்று காத்திருந்தேன். வந்துகொண்டிருக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதல் சுரம் எது, மேலேயா கீழேயா, ஒன்றும் இல்லை. வார்த்தையாவது வரட்டும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. என்னமோடா, என்னமோடா என்று மட்டும் உள்ளே ஓடியது. மயங்கி விழுந்துவிடலாமா என்று யோசித்தேன். நல்ல யோசனைதான், ஆனால் பின்னால் சாக்கடை மூடி உடைந்திருந்தது. சுபேதாரைப் பார்த்தேன். சல்யூட் அடித்த கை நடுங்க ஆரம்பித்திருந்தது. உதடு அசையாமல் அவர் ஏதோ முணுமுணுத்தார். சத்தியமாக அது பிரார்த்தனை இல்லை. நாற்காலிப் பக்கம் ஒருவர் இருமினார். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய சட்டைப் பையிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கரின் நீல வெளிச்சம் என்னைப் பார்த்துச் சிமிட்டியது.

அந்த நேரம் பார்த்து மூளைக்குள் ஒரு கதவு திறந்தது. வார்த்தை வந்துவிட்டது. வந்த நன்றியில் எது என்று பார்க்காமல் ஊதிவிட்டேன்.

தட்டை எடு.

இரண்டாவது ‘தட்டை எடு’வில்தான் எனக்கே புரிந்தது. உயிரோடு இருந்த நாளெல்லாம் மாஸ்டர், மாஸ்டர் என்று கேட்ட மனிதர். அவர் வெறும் சமையல்காரர் இல்லை என்று தெருவுக்குச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டாள் மகள். அவருடைய பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு நான் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நிறுத்தலாமா? கை இறங்கப் பார்த்தது. பழைய ஹவல்தார் காதைப் பிடித்து இழுத்தது போலிருந்தது. பாதியில் நிறுத்தினால் தெருவில் ஒவ்வொருவரும் சொந்தமாக யோசிப்பார்கள். யோசித்தால் கேட்பார்கள். கேட்டால் தெரிந்துவிடும். ஆகவே செய்யக்கூடியது ஒன்றுதான் என்று முடிவு செய்தேன். வேகத்தைக் குறைத்தேன். லாஸ்ட் போஸ்டுக்குத் தருகிற மூச்சையெல்லாம் தந்து, ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி நிறுத்தி, பருப்பு தீரப் போவுது என்பதை இதுவரை எந்தப் பட்டாளத்திலும் யாரும் ஊதியிராத சோகத்தோடு ஊதி முடித்தேன். ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடித்ததுதான் தாமதம், ரவுஸ் முழுசாக ஞாபகம் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்ததோ, ஒன்றும் தெரியாததுபோல் வந்து நின்றது. ஆனால் ஒப்பந்தப்படி இரண்டு முடிந்துவிட்டதே. டிரம் செட் தலைவர் குச்சியை ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டார். நான் இடது கையைப் போக்குவரத்துக் காவலர்போல் உயர்த்தினேன். குச்சி அந்தரத்தில் நின்றது. “இன்னும் ஒண்ணு கீதா?” என்று அவர் கேட்டது தெருமுழுக்கக் கேட்டது. தலையை ஆட்டிவிட்டு ரவுஸை ஊதினேன். சுத்தமாக, குறையில்லாமல். கைகள் இறங்கின. சுபேதார் தோளைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு டிரம் செட் தெருவை எடுத்துக்கொண்டது.

நான் ஓரமாகப் போய் ஒரு காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். சுபேதார் நேராக என்னை நோக்கி வந்தார். வாங்கிக்கொள்ளத் தயாரானேன். அவரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

“லங்கர்காரனுக்கு லங்கர் பிகில். எப்படிப்பா தோணிச்சு உனக்கு? இந்த மாதிரி ஒரு மரியாதையை நான் பார்த்ததே இல்லை.”

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரிய மனிதன் அடக்கமாக இருக்கும்போது எப்படிக் குனிவானோ அப்படி. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே ஒரு முட்டாள்தனம் ஒரு கலையாக மாறிவிட்டது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்தப் பக்கம் மாமனார் சொந்தக்காரர்கள் நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். சாதாரணமாக இரண்டுதான் ஊதுவார்கள், யூடியூபில் நானே பார்த்தேன், இவருக்கு மூன்று, மேளத்தையே நிறுத்திவிட்டு மூன்றாவது ஊதினார்கள், அப்படியென்றால் உள்ளே என்ன ராங்க் என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் யோசித்துக்கொண்டார்கள்.

தப்பித்துவிட்டேன் என்று பியூகிளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செல்வி வந்தாள். அமரர் ஊர்தி பின்வாங்கி நிற்கும்வரை கொஞ்சம் நேரம் இருந்தது. அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் வகுப்பறைக் குரல்.

“ரெண்டாவதா ஊதினது லங்கர் பிகில்தானே சார்?”

இவள் பட்டாளக் குடியிருப்பில் வளர்ந்த பெண் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அந்த அழைப்பு கேட்கும் நேரம் எல்லார் வீட்டு அப்பாவும் தட்டோடு கிளம்புவார்கள், இவளுடைய அப்பா மட்டும் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டுக்கு வரமாட்டார். அந்தச் சுரம் இவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

“வேணும்னேதான் ஊதினீங்களா?”

கேட்ட விதத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சுபேதார் கொடுத்துவிட்டுப் போன பதில் தயாராக என் நாக்கில் இருந்தது. ஆமாம்மா, அப்பாவுக்கு ஒரு தனி மரியாதை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சுபேதாருக்கே கண் கலங்கிய பதில், இவளுக்குக் கலங்காதா? ஆனால் அவள் நின்ற விதம் நன்றி சொல்ல வந்தவளுடையதாக இல்லை. ஒரு பொய்யைச் சொல்வதற்குக்கூட எதிரில் இருப்பவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கைவசம் இருப்பது உண்மை ஒன்றுதான். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். வேறு சரக்கு இல்லை.

“இல்லம்மா. மறந்துபோச்சு.”

“என்ன மறந்துபோச்சு?”

“ரவுஸ். அந்த நேரத்துல வரவே இல்ல. காலைல சாப்பிடல. முனைல பிரியாணி தம் உடைச்சாங்க. வாய்ல அதுதான் வந்துச்சு. மன்னிச்சுக்கோம்மா.”

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. போச்சு, அழவைத்துவிட்டோம் என்று நான் அந்தச் சாக்கடை மூடியைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு அத்தை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, அழாதம்மா, அழாதம்மா என்றார். அத்தையின் தோளுக்கு மேலே செல்வியின் முகம் எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வரவர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தையை அனுப்பிவிட்டு மூச்சை இழுத்துவிட்டாள்.

“நல்லவேளை சார். வேணும்னே ஊதினீங்கன்னு சொல்லியிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது. கடைசி நாள்லயும் அப்பாவை அடுப்படிக்கே அனுப்பிட்டாங்களேன்னு இருந்திருக்கும். தப்புதானே? தப்புன்னா பரவால்ல.”

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். உங்கள் தவறுக்கு யாராவது அழகான விளக்கம் கொண்டுவந்து கொடுத்தால், வாங்கிப் பையில் போடுவதற்கு முன், அது யார் மேல் போய் விழுகிறது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. முந்திக்கொண்டு அவள் கேட்டாள், பிழைத்தேன்.

சுபேதாரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவரிடம் சொல்லிவிடுங்கள், பாவம், உண்மையென்று நம்பிக்கொண்டிருக்கிறார் என்றாள். பிறகு மாமனார் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் இப்போது அடுத்த குழுவுக்கு மூன்று விரலைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

“மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்.”

சுபேதாரிடம் வண்டியில் போகும்போது சொன்னேன். கொடுத்த கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டா என்பதுபோல் தன் உள்ளங்கையையே சற்று நேரம் பார்த்தார். பிறகு சுடுகாடு வரும்வரை மூன்று மொழிகளில் என்னைத் திட்டினார். தோள்பட்டை வலி பற்றித் தனியாக ஒரு பகுதி இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதில்லை. திட்டி முடித்ததும், ஆனாலும் மெதுவாக ஊதினால் அது நன்றாகத்தான் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்.

இதெல்லாம் முடிந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மாமனார் தன் செலவில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார். சீருடையில் ஏகாம்பரம் அண்ணனின் இளவயதுப் படம். செல்விதான் தேடி எடுத்துக் கொடுத்தாளாம். அதற்குக் கீழே மாமனாரே எழுதிக்கொடுத்த வாசகம்: ‘மூன்று பியூகிள் முழங்க விடைபெற்ற ராணுவ வீரர்’.